நெவில் ஊரைச் சுற்றிக் காட்டிய நாள்

நெவிலுக்கு மாலை ஐந்து மணி வரைதான் அவகாசம். அதற்குள் அவர் மகள் கிர்ஸ்டி பதில் சொல்லியாக வேண்டும்: நர்ஸ் வேலை அவர் ஊரான நியூகாசிலிலா, அம்மா இருக்கும் ஹோபர்ட்டிலா என்று. மனைவி பிரிந்துபோனபோது கூடவே போன பெண். ஹோபர்ட் என்றால் இனியும் மகளைப் பார்ப்பது வருடத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ்தான்.

அதனால் மனிதர் காலில் சக்கரம் கட்டிக்கொண்டார். எட்டு மணிக்கே காரில் ஏற்றிக் கலங்கரை விளக்கத்தைக் காட்டினார். அலைதடுப்புச் சுவரின் முனைவரை ஓட்டமும் நடையுமாகக் கூட்டிப்போனார். நிலக்கரி ஏற்றக் காத்து நின்ற கப்பல்களை எண்ணிச் சொன்னார். மேட்டில் நிறுத்தித் திமிங்கிலத்தைக் காட்டினார். அது வாலைத் தூக்குவதற்குள் காரைக் கிளப்பிவிட்டார். அவள் மீன் வறுவலில் பாதியைத் தின்பதற்குள், துறைமுகத்துப் பக்கம் இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' பலகாரம் நன்றாக இருக்கும் என்றார். இரண்டு முறை அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இரண்டு முறையும் குறுக்கே ஒரு கடற்கரை வந்துவிட்டது. முப்பது வருடம் இழுவைப் படகு ஓட்டி, மலை மலையான கப்பல்களை அங்குலம் அங்குலமாக நகர்த்தியவருக்குப் பெற்ற மகளிடம் மட்டும் நிதானம் இல்லை.

நாலரைக்குக் கடல் நீச்சல்குளம்; கரையோரம் சுவர் கட்டிக் கடல்நீரை நிரப்பியது. வழக்கமாக விடியலில் அவர் நீந்துகிற இடம். இதைப் பார்த்தவர் யாரும் ஊரை விட்டுப் போகமாட்டார்கள் என்று கடைசிக்கு வைத்திருந்தார். போய்ப் பார்த்தால் குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வாரம் ஒருநாள் தண்ணீரை வடித்துப் பாசியைக் கழுவுவார்கள். இன்று அந்த நாள். ஊரில் கைக்குழந்தைக்கும் தெரிந்தது, பரபரப்பில் அவருக்கு மறந்துவிட்டது.

நெவிலுக்கு அழுகை வரும்போல் இருந்தது. நாளைக்கு நிரம்பிவிடும் என்று முணுமுணுத்தார். தெற்கே இன்னொரு குளம் இருக்கிறது, பத்தே நிமிடம் என்று கார்ச் சாவியைத் தேடினார்.

கிர்ஸ்டி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். "நான் எங்கயும் வரலப்பா. உக்காரு."

உட்கார்ந்தார். முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

"காலைலேர்ந்து பாக்க, திங்கன்னு எல்லாத்தையும் சொல்லிட்ட," என்றாள். "நான் வரணும்னு ஒரு தடவகூட சொல்லல. கலங்கரை விளக்கத்துக்காக யாராவது வீட்ட மாத்துவாங்களா?"

நெவில் கீழே பாசி கழுவுகிற ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஊர் ஆண்களுக்கு இந்த மாதிரிப் பேச்சு பல் பிடுங்குவதைவிட மோசம்.

"வந்துடு கண்ணு," என்றார். "தனியா முடியல."

ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. கிர்ஸ்டி போனை எடுத்தாள்.

"நியூகாசில் ஆஸ்பத்திரிங்களா? நான் வேலைக்கு வந்துடறேங்க," என்று அவள் சொன்னதும், அப்போதே அறையை ஒழிக்கப் போகிறவர்போல் அவர் பதறி எழப் பார்த்தார். அவள் பேசிக்கொண்டே, ஒரு கையால் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.