ஜெபத்துக்கு எழுப்பும் கை

மெம்பிஸில் இப்போது, இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில், பாதிப் பேர் முணுமுணுக்கிற சோல் என்கிற கிளப் பாட்டுகளில் ஆர்கன் வாசித்தவன் நான்தான். ரெக்கார்டு உறையில் பாடுகிறவன் பெயர் இருக்கும், பல் தெரியும் படமும் இருக்கும். வாசித்தவன் பெயர் இருக்காது. மற்ற வாத்தியக்காரர்கள் இதற்காகப் புலம்புவார்கள். நான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்வேன்.

காரணம், எங்கள் சபையிலும் பதினோரு வருஷமாக ஆர்கன் வாசிக்கிறவன் நான்தான். பாஸ்டர் ஹஸ்கின்ஸுக்கு, கர்த்தரைப் பாடாத உலகப் பாட்டு என்றாலே ஆகாது. கிளப்பில் ஒரே ஒரு தடவை பாடியதற்காக எங்கள் பாடகர் குழுவின் நல்ல குரலைத் துரத்திவிட்டவர். அந்த ஆர்கனும் போனால் எனக்கு நாதியில்லை. பெண்டாட்டி செத்த பிறகு நான் அழுததெல்லாம் அதன்மேல் கவிழ்ந்துதான்.

ஈஸ்டர் முடிந்த ஞாயிறு, பாஸ்டர் ரெக்கார்ட் பிளேயரோடு மேடை ஏறினார்.

"சாத்தான் எப்படி வாசிக்கிறான்னு உங்க காதாலயே கேளுங்க!"

முதல் சுரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என் கை. அந்தப் பாட்டின் கடைசியில் நான் செய்து வைத்திருக்கிற காரியமும் நினைவுக்கு வந்தது. எங்கள் சபையில் ஜெபத்துக்கு எழுந்திருக்கச் சொல்லி யாரும் வாய் திறப்பதில்லை. நான் கீழ்க்கட்டையிலிருந்து மேலே ஒரு ஓட்டம் ஓட்டுவேன், எல்லோரும் எழுந்து நிற்பார்கள். ஸ்டூடியோவில் பாட்டு முடிகிற இடத்தில், பழக்கதோஷம், கை அதையே ஓட்டித் தொலைத்திருந்தது.

ஓட்டம் வந்தது. நூற்றிருபது பேரும் எழுந்து நின்றார்கள். பாஸ்டரும் கண்ணை மூடி இரண்டு கையையும் உயர்த்திவிட்டார்.

பிறகு கண்ணைத் திறந்தார். ரெக்கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"பிரதர் கிளீடஸ்..."

பாடகர் குழுத் தலைவி ஆர்லீத்தா குறுக்கிட்டாள். "பாஸ்டர், உறையில யாரு பேரு போட்டிருக்கு?"

திருப்பிப் பார்த்தார். "பாடுறவன் பேருதான் இருக்கு."

"அப்ப அவனைத் திட்டுங்க. நாங்க எழுந்து நின்னாச்சு, முட்டி வலிக்குது. ஜெபத்தை ஆரம்பிங்க."

ஜெபம் நடந்தது. எல்லோரும் போனபின் பாஸ்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். சீட்டுக் கிழிந்தது என்று எழுந்தேன்.

"உக்காருய்யா. பதினோரு வருஷத்துல ஒரு நாளாவது அந்த ஓட்டத்தை இங்க ரெக்கார்டுல இருக்கிற அளவுக்கு நல்லா வாசிச்சிருக்கியா?" என்று முறைத்தார். "அடுத்த வாரம் ஒழுங்கா வாசி."

போய்விட்டார். ரெக்கார்டுகளில் நாற்பது பாட்டு வாசித்திருக்கிறேன். இது உன் கை என்று ஒருவர் என்னிடம் பேசியது அன்றுதான். சந்தோஷம் தாங்காமல் அழுதேன், அதே ஆர்கன்மேல் கவிழ்ந்து.