வட்ட மேசைக்கு ஏற்ற வித்தை

முந்தின நாள் முழுக்க ஹோய்-திங் மேஜிக் வித்தைகளைக் கழித்துக்கட்டிக்கொண்டிருந்தாள். ஹாங்காங் தேநீர்க் கடையில் வட்ட மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் உட்காருவார்கள். ஒரு பக்கம் மறைத்துச் செய்கிறதெல்லாம் போச்சு. சீட்டுக்கட்டும் ஆகாது, இறால் கொழுக்கட்டை தின்ற எண்ணெய்க் கையில் ஒட்டிக்கொள்ளும். மேசையில் விரல் வைக்க இடமிருக்காது, கையிலேயே முடியவேண்டும், அதுவும் அடுத்த தட்டு வருவதற்குள். கடைசியில் மூன்றுதான் தேறின. ஐந்து கடைகள் விரட்டிய பிறகு கிடைத்த வாய்ப்பு இது. இரண்டு மேசை சரியாகப் போனால் ஞாயிறுதோறும் வேலை.

முதல் மேசையில் ஆசை யாரை விட்டது! தேறாத ஒன்றைச் செய்தாள். தேநீர்க் குடுவையின் மூடியை எடுத்து ஒரு நாணயத்தின்மேல் கவிழ்த்தாள். மூடி திறந்திருந்தால் வெந்நீர் வேண்டுமென்று அர்த்தம், அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். பதற்றத்தில் இவளுக்கு மறந்துவிட்டது. கொதிக்கும் கெண்டியோடு ஓடிவந்த பரிசாரகர் நீரை ஊற்றி, மூடியையும் எடுத்துக் குடுவையில் போட்டுவிட்டுப் போனார். மறைந்திருக்கவேண்டிய நாணயம் எல்லாருக்கும் தெரியப் பல்லிளித்தது.

"ஏம்மா, சுடுதண்ணி வந்ததுதான் மேஜிக்கா?" என்று மேசையே சிரித்தது.

மேனேஜர் குவோக் அவளை ஓரமாக இழுத்தார். "அடுத்தது முதலாளியோட அக்கா, ஃபங் அம்மா. எழுபதாவது பிறந்தநாள். அங்கயும் சொதப்பினே, அப்படியே நடையைக் கட்டு."

ஃபங் அம்மாவின் முகத்துக்கு நேராக ஹோய்-திங் ஒரு வித்தை மோதிரத்தை நீட்டினாள். அவர் பார்வை எங்கோ நின்றது.

"அத்தைக்குப் பிறவியிலேயே கண் தெரியாதுங்க," என்றான் மருமகன். "நீங்க செய்ங்க, நாங்க சொல்லிடுறோம்."

"ஆமா, எழுபது வருஷமா இவங்க 'ஆ'ன்னு கத்தின பிறகுதான் எனக்குச் சேதி வரும்," என்றார் ஃபங் அம்மா.

ஹோய்-திங் மனசுக்குள் கணக்குப் போட்டாள். தேறிய மூன்றில் இரண்டு கண்ணுக்கானவை. மோதிரத்தைப் பைக்குள் போட்டுவிட்டுப் பஞ்சுப் பந்துகளை எடுத்தாள்.

"தொட்டுப் பாருங்கம்மா. உங்க கையில ஒண்ணு, என் கையில ஒண்ணு. உங்களுதை இறுக்கி மூடிக்குங்க. இப்போ என் கையைத் தடவுங்க."

தடவினார். ஒன்றுமில்லை. மூடிய கைக்குள் அவருடைய கட்டைவிரல் மெல்ல அசைந்தது, நின்றது. புருவம் ஏறியது.

"அத்தை, என்ன ஆச்சு?"

"சொல்லுங்க அத்தை!"

சுற்றிலும் அத்தனை கண்கள், ஒன்றுக்கும் ஒன்றும் தெரியவில்லை. குவோக்கே எட்டிப் பார்த்தார். "திறங்கம்மா!"

"பொறுங்கடா! முதல்ல நான் பாத்துக்கிறேன்." கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "குவோக், இந்தப் பொண்ணு வாராவாரம் வரணும்."

ஹோய்-திங்குக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆயிரம் தடவை செய்த வித்தை, அடேயப்பா, இதற்குள் இப்படியொன்று இருந்ததா!

ஃபங் அம்மா அவளைக் குனியச் சொல்லி, யாருக்கும் கேட்காமல் காதில் சொன்னார்: "ரெண்டு இருக்குடி!"

ஹோய்-திங் அப்போதுதான் கேள்விப்படுகிறவள்போல வாயைப் பொத்திக்கொண்டாள்.