பெயர் கேட்காத படிவம்

ஜெயசித்ரா அந்தப் படிவத்தை ஒரே மத்தியானத்தில் செய்து முடித்தாள். அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. பெருமைப்படாமல் என்ன செய்வாள்? சங்கரன்கோவிலைத் தாண்டி ராஜபாளையம் ரோட்டில் இருக்கிற அந்த நூல் மில்லின் ஆபீசில் ஆறு வருஷமாக அவள் பார்த்தது வருகைப் பதிவு ஏற்றுகிற வேலையும் வேன் பட்டியல் அடிக்கிற வேலையும்தான். எந்த ஊரிலிருந்து எந்த ஷிப்டுக்கு யார் யார் வருகிறார்கள் என்று வாராவாரம் அடித்து ஒட்டுவாள். புதிதாக ஒன்றை உண்டாக்கு என்று அவளிடம் யாரும் சொன்னதே கிடையாது.

இப்போது சொல்லவைத்தது நூல் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி. வேலை செய்கிற பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமலே புகார் கொடுக்க ஒரு வழி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆர்டர் கிடையாது என்று எழுதிவிட்டார்கள். கேன்டீன் சுவரில் ஒரு புகார்ப் பெட்டி தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதற்கு நேர் எதிரே சூப்பர்வைசர்கள் உட்கார்ந்து டீ குடிக்கிற பெஞ்சு. எந்தப் பைத்தியக்காரி அதில் சீட்டுப் போடுவாள்? பெட்டியின் சாவி தொலைந்து இரண்டு வருஷமாகியும் அதைத் தேட ஒருவருக்கும் தோன்றவில்லை. மேனேஜர் பாண்டியராஜன் ஜெயசித்ராவைக் கூப்பிட்டு, ஆன்லைனில் ஒன்று செய்துவிடு, அடுத்த மாதம் ஆடிட்டுக்கு ஆள் வருகிறது என்றார்.

இணையத்தில் தேடி, படிவம் செய்கிற ஒரு தளத்தைக் கண்டுபிடித்தாள். திரையின் இடது பக்கம் கட்டங்கள் வரிசை கட்டி நின்றன. பெயருக்கு ஒன்று, போன் நம்பருக்கு ஒன்று, முகவரிக்கு ஒன்று, பட்டியலை விரித்து அதில் ஒன்றைத் தொட்டுத் தேர்ந்தெடுக்க ஒன்று, மனம்போல எழுத அகலமாக ஒன்று. வேண்டியதை மவுஸால் பிடித்து வலது பக்கம் இழுத்துப் போட்டால் சமர்த்தாகப் போய் உட்கார்ந்துகொண்டது. வேண்டாததைப் பிடித்து வெளியே போடலாம். தளம் தானாகவே போட்டு வைத்திருந்த பெயர்க் கட்டத்தை அவள் முதலில் தூக்கிப் போட்டாள். அடுத்தது போன் நம்பர். அப்போது அவளுக்கு உண்டான குஷியைச் சொல்லி முடியாது. யாருக்கோ விலங்கை அவிழ்த்துவிடுகிறோம் என்றே நினைத்தாள்.

இரண்டையும் தூக்கியபின் படிவத்தில் மிஞ்சியது, "உங்கள் புகார்" என்ற ஒரு பெரிய கட்டமும் கீழே "அனுப்பு" என்ற பொத்தானும்தான். பார்க்க மொட்டையாக இருந்தது. இதற்கா அரை நாள் என்று மேனேஜர் கேட்பார் என்று தோன்றியது. அதனால் மேலே மூன்று கட்டங்களை இழுத்துப் போட்டாள். எந்த செக்‌ஷன், எந்த ஷிப்ட், எந்த வண்டி. இதை யாரும் அவளைக் கேட்கவில்லை. மேனேஜர்கூடக் கேட்கவில்லை. அவளாகத்தான் போட்டாள். அந்த மில்லில் பொம்பளைகளுக்கு வண்டிதான் விலாசம். ராயகிரி வண்டி சாப்பிட்டாச்சா, புளியங்குடி வண்டியில் இன்றைக்கு எத்தனை பேர் லீவு என்றுதான் எல்லோரும் பேசுவார்கள். அந்த ஞாபகத்தில் வேன் போய்வருகிற ஏழு ஊரையும் அழகாக வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் வைத்தாள். கட்டாயம் நிரப்ப வேண்டிய கேள்விக்குப் போடுகிற சிவப்பு நட்சத்திரத்தை அவள் எதற்கும் போடவில்லை. விருப்பம் இருந்தால் நிரப்பட்டும், இல்லாவிட்டால் விட்டுவிடட்டும் என்பது அவளுடைய கணக்கு. யாராவது எழுதி அனுப்பினால் அந்த நிமிஷமே மேனேஜரின் மெயிலுக்கும் போகிற மாதிரி அமைத்துக் கொடுத்தாள்.

போனில் காட்டினால் படிவம் திறக்கிற சதுரக் கோலத்தை அச்செடுத்து, லேமினேஷன் செய்து, கேன்டீனில் ஒன்று ஒட்டினாள். பெண்கள் கழிப்பறைக் கதவுகளின் உள்பக்கமும் ஒட்டச் சொன்னாள். அங்கே யாரும் பார்க்கமாட்டார்களே. அந்த யோசனைக்காகவும் தன்னையே மெச்சிக்கொண்டாள்.

மூன்று வாரம் ஆயிற்று, ஒரு ஈ காக்காகூட எழுதவில்லை. பாண்டியராஜனுக்கு அதுவும் பொறுக்கவில்லை. ஒன்றுகூட வராவிட்டால் நாம் ஒட்டவே இல்லை என்று ஆடிட்காரர்கள் நினைப்பார்கள், பொம்பளைகளிடம் நீயே போய்ச் சொல்லி ஒன்றிரண்டு எழுத வை, சாம்பாரில் உப்பில்லை என்று எழுதினாலும் போதும் என்றார். ஜெயசித்ரா மத்தியானம் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் கேன்டீனுக்குப் போனாள்.

அங்கே அவளுக்கு நெருக்கமாக இருந்தவள் முத்துத்தாய். இளையரசனேந்தல்காரி, நாற்பது வயது, நூலைக் கோனில் சுற்றுகிற வைண்டிங் செக்‌ஷனில் இரண்டாவது ஷிப்ட். ஊரில் மூன்று ஏக்கர் மானாவாரி இருக்கிறது, மழைதான் இல்லை. மில்லுக்குப் போகிற முத்துத்தாயை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. ஜெயசித்ரா விஷயத்தைச் சொன்னதும் முத்துத்தாய் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு, சாம்பாரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, வேறு ஒன்று இருக்கிறது என்றாள்.

வைண்டிங் செக்‌ஷனில் கழிப்பறைக்குப் போக ஒரு டோக்கன் வேண்டும். டோக்கன் சூப்பர்வைசர் வீரபாண்டியிடம் இருக்கும். மற்ற செக்‌ஷன்களில் ஆணியில் மாட்டியிருப்பார்கள், எடுத்துக்கொண்டு போய்த் திருப்பி மாட்ட வேண்டியதுதான். வீரபாண்டி அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். போய்க் கேட்டால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்துவான். நீயே எடுத்துக்கோ என்பான். ஆறு மாதமாக இதுதான் நடக்கிறது. அவன் பையில் கைவிட மனசில்லாதவர்கள் எட்டு மணி நேரமும் அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். முத்துத்தாய்க்கு நீர்க்கடுப்பு வந்து இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாயிற்று.

கேட்ட ஜெயசித்ராவுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆபீஸ்காரிகளுக்குத் தனிக் கழிப்பறை. டோக்கன் என்று ஒன்று இருப்பதே ஆறு வருஷமாக அவளுக்குத் தெரியாது. டோக்கன் வாங்கிக்கொண்டு போகிற கழிப்பறைக் கதவுகளுக்குப் பின்னால்தான் அவள் படிவத்தை ஒட்டச் சொல்லியிருந்தாள். அந்தக் கதவைத் திறக்கும் முன் ஒருத்தி எங்கே கைவிட வேண்டியிருக்கிறது என்று நினைத்தபோது தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"எழுதுங்கக்கா. இதத்தான் எழுதணும்" என்றாள்.

"நான்தான்னு தெரிஞ்சா அவன் வேலைக்கு நிக்க விடமாட்டான், தாயி."

"பேரு கேட்டாத்தான தெரியும்? ஃபாரத்த நான்தான் செஞ்சேன். நீங்க எழுதினா எனக்கே யாருன்னு தெரியாது. என்னை நம்புங்கக்கா."

முத்துத்தாய் நம்பினாள். கேன்டீனில் வைத்துப் போனை நீட்டப் பயமாக இருக்கிறது என்றதால் ஜெயசித்ரா படிவத்தை அவள் வாட்ஸப்புக்கே அனுப்பிவைத்தாள்.

மறுநாள் பகல் ஒன்றரை மணிக்கு வந்து விழுந்தது. வேனில் வரும்போதே எழுதியிருக்கிறாள். ஜெயசித்ரா சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டுப் படித்தாள். "பாத்ரூம் டோக்கன சட்டப் பைல வச்சிக்கிட்டு கைய விட்டு எடுத்துக்கோன்னு சொல்லுதாரு. நாங்க அடக்கிக்கிட்டு நிக்கோம். டோக்கன ஆணில மாட்டச் சொல்லுங்க." அவ்வளவுதான் கேட்டிருந்தாள். ஆணியில் மாட்டச் சொல்லுங்க. எழுதிவிட்டாளே என்று ஜெயசித்ராவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நொடி கண் மேலே போனது. செக்‌ஷன், வைண்டிங். ஷிப்ட், இரண்டு. வண்டி, இளையரசனேந்தல்.

வேன் பட்டியலை எடுத்துப் பார்க்கத் தேவையே இல்லை. அவள் அடித்த பட்டியல், மனப்பாடம். இரண்டாவது ஷிப்டில் இளையரசனேந்தல் வண்டியில் வருகிறவர்கள் பதினான்கு பேர். அதில் வைண்டிங் ஒரே ஒருத்தி.

திரையில் அழித்தால் அழியும். மெயிலில் போனது போனதுதான். மேனேஜர் அறைக்கு ஓடினாள். அங்கே பாண்டியராஜன் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அலமாரியில் சாய்ந்து வீரபாண்டி நின்றான். மேஜைமேல் அவள் அடித்த வேன் பட்டியல் விரிந்து கிடந்தது. அது முத்துத்தாய் அக்காவாக இருக்காது சார், யாராவது வண்டி பெயரை மாற்றித் தொட்டிருப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தாள். சொல்லி முடித்த பிறகுதான், அதுவரை அந்த அறையில் முத்துத்தாய் என்ற பெயரை யாரும் சொல்லவில்லை என்பது உறைத்தது.

பாண்டியராஜன் கோபப்படவே இல்லை. "பேரையும் கேக்கல, ஆளையும் காட்டிக் குடுத்துட்ட. நல்ல மூளம்மா ஒனக்கு" என்றார். மனசாரத்தான் பாராட்டினார். அவளை என்ன கடித்தா தின்னப் போகிறோம், நீ உன் வேலையைப் பார் என்றார். பிறகு ஞாபகம் வந்தவராக, மற்ற கேள்விகள் எப்படியும் போகட்டும், அந்த வண்டிக் கேள்விக்கு மட்டும் சிவப்பு நட்சத்திரத்தைப் போட்டுவிடு, நிரப்பாமல் அனுப்ப முடியக் கூடாது என்றார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கேள்வியையே பிடித்து வெளியே எறிந்துவிட்டு, வீட்டுக்குப் போகிறேன் என்று பையை எடுத்திருக்கலாம். ஜெயசித்ரா தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து நட்சத்திரத்தைப் போட்டாள். ஒரு தட்டுதான்.

மறுநாள் முத்துத்தாய் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அந்த மில்லில் யாரையும் வேலையை விட்டு நிறுத்துவது கிடையாது. வண்டி நிற்காது, அவ்வளவுதான். டிரைவருக்கு வாயால் சொல்லிவிடுவார்கள். மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற விலக்கில் கையில் தூக்குவாளியோடு நிற்கிற பொம்பளையைக் கடந்து வண்டி போய்விடும். உள்ளே இருப்பவர்கள் அந்தப் பக்கம் பார்க்கமாட்டார்கள். கடிதம் இல்லை, காரணம் இல்லை. கேட்டால், அந்தம்மா ஸ்டாப்பில் இல்லை, தானாக நின்றுவிட்டார் என்று பதில். இதை ஜெயசித்ராவுக்குச் சொன்னது அதே வண்டியில் வருகிற பேக்கிங் செக்‌ஷன் சுமதி. சொல்லும்போதே அழுதாள். நான் மட்டும் நிறுத்துங்கள் என்று கத்தினேன், டிரைவர் காது கேட்காத மாதிரி ஓட்டினான் என்றாள்.

ஆடிட்டுக்கு ஒரு அம்மாள் வந்தார். படிவத்தைப் பெரிய திரையில் காட்டச் சொன்னார். பெயர் கேட்கவில்லை, நம்பர் கேட்கவில்லை, ரொம்ப நன்றாக இருக்கிறது, யார் செய்தது என்று கேட்டார். பாண்டியராஜன் ஜெயசித்ரா பக்கம் கையைக் காட்டினார். வந்த புகார் ஒன்று, தீர்த்த புகார் ஒன்று. டோக்கன் அன்றைக்குக் காலையிலிருந்து வைண்டிங்கிலும் ஆணியில் தொங்கியது. அந்த அம்மாள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார். அவர் பக்கத்தில் நின்ற ஜெயசித்ராவுக்கு ஒரு வார்த்தை சொல்ல எத்தனையோ சந்தர்ப்பம் கிடைத்தது. அவள் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முத்துத்தாய் போன் செய்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்துத்தான் ஜெயசித்ரா எடுத்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. முத்துத்தாய் குரலில் கோபமே இல்லை. அஞ்சு நாள் விலக்கில் போய் நின்றதைச் சொன்னாள். ஆறாம் நாள் போகவில்லை, பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள் என்றாள்.

"நீ சொன்னது நெசந்தான், தாயி. பேரு கேக்கவே இல்ல. மத்தபடி நான் ஒரு கட்டத்தையும் விடல. ரேஷன் ஆபீசுலயும் பேங்குலயும் ஒண்ண விட்டாலும் திருப்பி அனுப்பிருதாங்களே. அதான் எல்லாத்துக்கும் சரியாத் தொட்டேன். பெறகு எப்படி அவனுக்குத் தெரிஞ்சுது?"

பதிலுக்கு நிற்காமல் முத்துத்தாயே தொடர்ந்தாள்.

"வண்டில சுமதி பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டே வந்தா. எனக்கு எழுத்துக் கூட்டிக் குடுத்ததும் அவதான். வேற யாருக்குமே தெரியாது. அவதான் போய்ச் சொல்லிருப்பா, இல்லயா?"

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும். வண்டி எது என்று நான்தான் கேட்டேன், அக்கா. நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் முத்துத்தாய் என்ன செய்துவிடுவாள்? போனை வைத்துவிடுவாள். இனிமேல் தாயி என்று கூப்பிடமாட்டாள். அதைத் தாங்க முடியாது என்று ஜெயசித்ராவுக்குத் தோன்றியது. வேலை போனதையே தாங்கிக்கொள்ளும்படி இன்னொருத்தியை விலக்கில் நிறுத்தியவளுக்கு, இது தாங்க முடியவில்லை.

"இருக்கும்க்கா" என்றாள்.

"நெனச்சேன்" என்றாள் முத்துத்தாய். "எத்தன வருசமா ஒரே தட்டுல சாப்பிட்டிருக்கோம். நேத்துக்கூட நாலு தரம் போன் பண்ணுதா. நான் எடுக்கல. இனி எடுக்கவும் மாட்டேன். நீயும் அவகிட்டப் பாத்துப் பேசு, தாயி. ஒன் வேலைக்கும் ஒல வச்சிருவா."

சரிக்கா என்றாள் ஜெயசித்ரா.