நாற்பத்தேழாம் மனை

சுவருக்கும் புல்லுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கத்தான் இடம் இருந்தது. ஹரிப்ரியா துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு உள்ளே நுழைந்தாள். புல் அவள் தோளுக்கு மேல் வளர்ந்து காய்ந்து நின்றது. ஒரு தண்டைப் பிடித்து மடக்கினாள். வளையாமல் படக்கென்று முறிந்தது.

காப்பீட்டுக்கு வரும் கட்டடங்களில் தீ ஆபத்து எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. பெரும்பாலும் நாவலூர்ப் பக்கத்து அடுக்குமாடிகள்தான். மின் இணைப்புகளையும் படிக்கட்டுகளையும் தீயணைப்பு உருளைகளின் தேதியையும் பார்த்துவிட்டு வந்துவிடலாம். இந்த வீடு திருப்போரூருக்கு மேற்கே, மலையடி ஊரில் இருந்தது. போன கோடையில் மலைப் புதரில் பிடித்த தீ வீட்டு மனைகளுக்குள் இறங்கி ஊர்வரை வந்திருந்தது. அதனால் காப்பீட்டைப் புதுப்பிக்கும் முன் நேரில் பார்த்து வரச் சொல்லியிருந்தார்கள். வீடு கான்கிரீட் வீடுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் சமையலறைச் சுவரை ஒட்டிக் கீற்று வேய்ந்த ஆட்டுக் கொட்டகை. அதற்கு மேலே இருந்த மரச் சன்னலின் பச்சை வண்ணம் கொப்பளித்து உரிந்திருந்தது. அதைப் படம் எடுத்துக்கொண்டாள்.

"போன வருசம் இங்கதான் மேடம் வந்து நின்னுது," என்றாள் வீட்டுக்காரி. அவள் பெயர் வேண்டா. நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால் வைத்த பெயர் என்று வந்தவுடனே சொல்லியிருந்தாள், விலாசம் சொல்வதுபோல. "மலையிலேருந்து எறங்கி மனை மனையா தாண்டிகினு வந்துச்சு. ஈரச் சாக்கால அடிச்சோம். ஃபயர் வண்டி அந்தாண்ட மனைக்காரங்க கேட்டுலயே நின்னுகினு கெடந்துது. பூட்டு போட்டுக் கீது. சாவி வச்சிகினு இருந்தவன் மெட்ராசுக்குப் போயிட்டான்."

"ஆடுங்க என்னாச்சு?"

"கயித்த அறுத்து வுட்டேன். ரெண்டு போச்சு."

பஸ் போய்விட்டது என்பதுபோல அதைச் சொன்னாள்.

"இந்தக் கொட்டகைய சுவரை விட்டுத் தள்ளிப் போடணும்மா."

"எங்க தள்றது? தள்ளுனா இந்தப் பக்கம்தான். அது மனைக்காரங்க எடம்."

"புல்லையாவது அறுக்கலாமே?"

"அறுத்தேன் மேடம். எடத்த வளைக்கப் பாக்கறியான்னு வாட்ச்மேன் வந்து கத்தி, ஸ்டேசன் வரிக்கும் போயாச்சு. அதுலேருந்து கை வைக்கறதில்ல. வாங்குனவங்க யாருன்னு தெரிஞ்சாலாச்சும் போயி கேக்கலாம். வாங்கிப் போட்டுட்டு எட்டிக்கூட பாக்கறதில்ல. இங்க வூடு எரிஞ்சா அவங்களுக்கு இன்னா?"

ஹரிப்ரியா சுவர் முழுவதும் படத்தில் வரவேண்டும் என்று பின்னால் நகர்ந்தாள். குதிகாலில் கல் இடித்தது. புல்லை விலக்கிப் பார்த்தாள். வெள்ளையடித்த எல்லைக்கல்லில் சிவப்பில் 47 என்று எழுதியிருந்தது.

அவள் வாங்கிய மனையின் எண் அது. மனை வாங்கியபோது நெடுஞ்சாலைப் பக்கத்து அலங்கார வளைவு வழியாக வேனில் அழைத்து வந்திருந்தார்கள். செம்மண் கொட்டிச் சமன் செய்த தரை, வண்ணக் கொடிகள், மதியம் ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம். இன்று ஊர்ப்பக்கமாக வந்ததால் இடம் பிடிபடவில்லை. அன்றைக்கு இங்கே இந்த வீடு இருந்ததா என்று யோசித்தாள். இருந்திருக்கும். கணவன் விஷால் எடுத்த படங்களில் அந்தப் பக்கம் வரவில்லை.

வேப்பமரத்தடிக்குப் போய்க் கணவனைக் கைபேசியில் அழைத்தாள். விஷால் அலுவலகத்தில் இருந்தான். புல்லை வீட்டுக்காரர்களே அறுத்துக்கொள்ளட்டும் என்று அவள் சொன்னதை முழுவதும் கேட்டுக்கொண்டான்.

"நாமளே ஆள் வச்சு பண்ணிக்கலாம் ஹரி. இன்னிக்குப் புல் அறுப்பாங்க. நாளைக்கு ஆடு கட்டுவாங்க. அப்புறம் கொட்டகை. ஊர்க்காரங்ககிட்ட நாம போய் நிக்க முடியுமா?"

"எப்போ ஆள் வைப்போம்?"

"பாக்கலாம். மழைக்கு அப்புறம்."

"மழைக்கு அப்புறம் எதுக்கு?"

"நீ ஆபீஸ் வேலையாத்தானே போயிருக்க? அதை மட்டும் பாரு," என்றான்.

அவன் பயம் அவளுக்கும் தெரிந்த பயம்தான். மனைக்கு வாங்கிய கடன் பத்திரத்தில் அவளும் கையெழுத்துப் போட்டிருந்தாள். பக்கத்தில் காலி மனைகள், காய்ந்த புல், ஆபத்து அதிகம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். அதில் பொய் எதுவும் இல்லை. யாருடைய மனை என்று யாரும் கேட்கப்போவதில்லை.

வேண்டா சொம்பில் மோர் கொண்டு வந்தாள். ஹரிப்ரியா வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை.

"நாப்பத்தேழு என்னோடதும்மா."

"இன்னாது?"

"இந்த மனை. நானும் எங்க வீட்டுக்காரரும் வாங்கினது."

வேண்டா அவளைக் கால் முதல் தலை வரை பார்த்தாள். பிறகு புல்லைப் பார்த்தாள். திட்டுவாள் என்று ஹரிப்ரியா எதிர்பார்த்தாள். ஆனால் திட்ட வேண்டியதையெல்லாம் அவள் முன்பே திட்டி முடித்திருந்தாள்.

"போன வருசமும் உங்களுதுதானா?"

"ஆமா."

கொட்டகையில் ஓர் ஆடு செருமியது.

"அப்ப அறுக்கலாமா?"

"அறுங்க. வாட்ச்மேன் வந்தா என்கிட்ட பேசச் சொல்லுங்க." பிறகு, "என் மனை இருக்கறதால உங்க வீட்டைப் பத்தி இனிமே நான் எழுதக் கூடாது. வேற ஆள் வந்து பாப்பாங்க. நாளாகும்," என்றாள்.

"அதுக்குள்ள வெயிலு ஏறிடுமே."

"அதான் இன்னிக்கே அறுங்கன்னு சொல்றேன்."

வேண்டாவின் கணவன் பார்த்திபன் இரவெல்லாம் கம்பெனிக்குக் கார் ஓட்டிவிட்டு உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பி விஷயத்தைச் சொன்னதும் ஹரிப்ரியாவை ஒருமுறை பார்த்துவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தான். இருவரும் சுவரோரமிருந்து அறுத்துக்கொண்டு போனார்கள். ஹரிப்ரியா அலுவலகத்துக்கு விவரத்தைச் சொன்னாள். அதன் பிறகு அவளுக்கு அங்கே வேலை இல்லை. இருந்தும் போகாமல் நின்றாள். புல் விழ விழத் தரை தெரிந்தது. போன வருடத்துத் தீயின் கரி அடித்தூர்களில் இன்னும் இருந்தது. இரண்டு பக்கத்து மனைகளிலும், எதிரே மலை வரைக்கும், புல் அப்படியேதான் நின்றது. அதெல்லாம் யார் யாருடையதோ.

நடு மனைக்கு வந்தபோது காலடியிலிருந்து ஒரு கௌதாரி படபடவென்று எழும்பி அடுத்த மனைக்குள் விழுந்தது. "இரு, இரு," என்று வேண்டா கணவனின் கையைப் பிடித்தாள். புல் தூருக்குள் வெளிறிய முட்டைகள் கிடந்தன.

"சேத்து அறு. புல்லு இல்லாங்காட்டி எப்படியும் நாயி தின்னப் போவுது," என்றான் பார்த்திபன்.

வேண்டா நிமிர்ந்தாள். "மேடம், இன்னா பண்ணட்டும்? உங்க எடம்."

ஹரிப்ரியா கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். பிறகு திரும்பி, அங்கிருந்து கொட்டகைக்கும் கொட்டகையிலிருந்து சன்னலுக்கும் எவ்வளவு இருக்கும் என்று பழக்கத்தில் கண்ணாலேயே அளந்தாள்.

"அது மட்டும் இருக்கட்டும்," என்றாள். "முடியுமா?"

வேண்டா அதைச் சுற்றிக்கொண்டு அறுத்தாள்.

அறுத்து முடித்தபோது மொட்டைத் தரையின் நடுவே அந்த ஒரு பிடிப் புல் மட்டும் நின்றது. கடல் காற்று இன்னும் உள்ளே ஏறவில்லை. மலைப்பக்கத்திலிருந்து வந்த காற்றில் அது வீட்டைப் பார்த்துச் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடியும் சாய்ந்தது.