கறுப்புப் பூட்ஸில் காசி யாத்திரை

1

நான் ஒரு பகல் முழுக்கக் கிருஷ்ண பரமாத்மாவாக இருந்திருக்கிறேன். வேஷம் போடவில்லை. உதடு நீலம், நகம் நீலம், காதுமடல் நீலம். கரமனை அக்ரஹாரமே பார்த்தது. பசுக்கள் கயிற்றை அறுத்துக்கொண்டு என் பின்னால் வந்தன. (பசுக்கள் வரியை அடித்துவிடலாமா? இருக்கட்டும்.)

கதை பிறந்த இடம் வாசகசாலை. பென்ஷன்காரனுக்கு வேறு போக்கிடம் ஏது? பழைய வைத்தியப் பத்திரிகை ஒன்றில் நைட்ரோபென்சீன் என்கிற எண்ணெயைப் பற்றிப் படித்துவிட்டு, "அடப்பாவி ஸ்ரீகண்டா!" என்று கத்திவிட்டேன்.

ஸ்ரீகண்டன் என் மனைவி பாகீரதியின் அண்ணன். ஓய்வுபெற்ற ரசாயன வாத்தியார். நான் எழுத எழுதப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறான். "ஒரு வரி நிஜமில்லை ஓய், முழுக்கப் பொய்யாக்கும்," என்கிறான்.

2

முதல் தொடக்கம்: ‘1931. சித்திரை வெயில்…’ வேண்டாம். வெயிலில் தொடங்கும் கதைகள் எனக்கே அலுத்துவிட்டன.

இரண்டாவது: ‘மணமகன் பேரழகன். அவன்…’ உள்ளேயிருந்து பாகீரதி சிரிக்கிறாள். அடித்தாயிற்று.

எண்ணெயிலேயே தொடங்குகிறேன். இளமஞ்சள் நிறம், பாதாம் வாசனை. அனிலீன் சாயங்களுக்குத் தாய்ச்சரக்கு. மலிவு சோப்புக்கு மணமூட்டும். தோல் சாயத்திலும் கலப்பார்கள். குடிக்க வேண்டியதில்லை, தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கும். இறங்கினால் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க மறந்துவிடும். தலைவலி, கிறுகிறுப்பு, பிறகு ஆள் நீலம். அளவு மிஞ்சினால் ஆளே இல்லை.

3

எங்கள் கல்யாணங்களில் காசி யாத்திரை உண்டு. சந்நியாசியாகப் போவதாகக் குடையும் கைத்தடியும் பாதரட்சையுமாக மாப்பிள்ளை கிளம்புவான். பெண்ணின் அப்பா வழிமறித்துக் கூட்டிவருவார். எனக்கு வாங்கிவைத்திருந்த பூட்ஸ் தவிட்டு நிறம். எங்கள் சர்க்கார் கச்சேரி மேலதிகாரிகள் கறுப்புதான் போடுவார்கள். "கறுப்பு இல்லாமல் காசிக்குப் போகமாட்டேன்" என்றேன். (எழுதும்போதே காது சுடுகிறது. சந்நியாசத்துக்கு நிறம் பார்த்தவன் நான் ஒருவன்தான்.)

காலேஜில் ரசாயனம் படித்துக்கொண்டிருந்த ஸ்ரீகண்டன் சாலைக் கடைத்தெருவில் கறுப்புச் சாயப்புட்டி வாங்கிவந்து பூசினான்.

"காஞ்சாச்சோ?"

"ஆச்சு மாப்ளே, தைரியமாப் போட்டுக்கும்."

உள்ளே பிசுபிசுத்தது. காலுறை கிடையாது. விடிந்ததிலிருந்து தெருவில் உலாத்திக் காட்டினேன். என் காலிலிருந்து கிளம்பிய வாசனையில், பந்தியில் பாதாம் அல்வா உண்டென்று கிழக்கேகோட்டை வரை பேச்சுப் பரவிவிட்டது.

குடையை விரித்து நாலடி வைத்தேன். விழுந்தேன். நீலம்.

பெண்ணின் சித்தப்பா என் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "இருதய வியாதிக்காரனை மறைச்சு எங்க தலையில கட்டப் பாத்தேளே, வெக்கமா இல்லே?" (இவர் வில்லனாகத் தெரிகிறார். வேறு எப்படிப் பேசியிருப்பார்? எனக்குப் பெண் இருந்தால் நானும் அதையே கேட்டிருப்பேன்.)

அப்பா மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நடுத்தெருவில், தன்னைவிடச் சின்னவர் முன்னால் கைகூப்பினார். "பத்மநாபசுவாமி சத்தியமா, எம் புள்ளைக்கு ஒரு வியாதியும் கிடையாது."

[இங்கே ஒரு வர்ணனை இருந்தது. எடுத்துவிட்டேன்.]

அதற்குப் பிறகுதான் ஸ்ரீகண்டன் சோப்பும் செம்புமாக ஓடிவந்தான். பூட்ஸைக் கழற்றி, என் காலைத் தேய்த்துத் தேய்த்து அலம்பினான். பாதபூஜை செய்கிறான் என்று மாமிகள் உருகினார்கள். சாயங்காலத்துக்குள் நீலம் வடிந்தது. மறுநாள் முகூர்த்தத்தில் தாலி கட்டினேன். அந்தப் பூட்ஸை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

அப்பாவுக்கு மட்டும் அது தீரவில்லை. சுவாமி பெயரில் பொய்ச்சத்தியம் செய்துவிட்டதாகவே நம்பினார். சாகும்வரை என்னை ஒரு குடம் தண்ணீர் தூக்க விட்டதில்லை. கோயிலுக்குள்ளும் போனதில்லை, வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்.

4

முடிவு. கல்யாண விரதப் பட்டினியால் வந்த மயக்கம் என்றால் கதை இங்கேயே தீர்ந்தது. ஸ்ரீகண்டனுக்கு அதுதான் பிடிக்கும். சாயம் என்றால், என் அப்பா செய்தது உண்மைச் சத்தியம். அவர் கோயிலுக்குள் போயிருக்கலாம். சாட்சி இல்லை. கதையில் பசுக்களை அவிழ்த்துவிட்டவன் பேச்சை யார் நம்புவார்கள்? வாசகர்களே, நீங்களே…

ஸ்ரீகண்டன் தாளைக் கீழே வைத்தான். "பசு ஒண்ணும் வரலை ஓய்."

"சரி, அடிச்சுடறேன்."

"அல்வாவும் பொய்."

"அதையும் அடிச்சுட—"

"வாசனை நிஜம்." தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "நன்னாக் காஞ்சப்புறம்தான் போடணும்னு புட்டியிலேயே போட்டிருந்தது. படிச்சேன். உம்ம அப்பா கைகூப்பறச்சே என் ரெண்டு கையும் கறுப்பு. முதுகுக்குப் பின்னால வெச்சுண்டு நின்னேன். நடந்ததுதான் ஓய். அவர் பண்ணினது சத்தியந்தான்."