யானைக் காலுக்கு இரண்டு சுற்று

1

இந்தக் கதை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலிருந்து வந்தது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. மேஜைப் பலகை ஒரு காலத்தில் யானையை ஏற்றி அனுப்பச் செய்த மரக்கூண்டின் பக்கப்பலகை. கூண்டு யானைக்குப் பொருந்தியிருந்தால் மேஜை இருந்திருக்காது. அதில் முழங்கையை ஊன்றி இதை எழுதும் நானும் இருந்திருக்க மாட்டேன். முதல் பத்தியிலேயே இப்படிப் போட்டு உடைக்கலாமா என்கிறீர்களா? பொடிவைத்து எழுத எனக்கு வராது.

இதற்கு முன் ஒரு தொடக்கம் எழுதினேன்: "மாலை வெயில் மிருகக்காட்சி சாலையின் கம்பிகளில் பொன்னாக உருகி—"

வேண்டாம். வெயில் உருகியது என்றால், எத்தனை அங்குலம் என்று அப்பா கேட்டிருப்பார்.

2

அவர் அந்த மிருகக்காட்சி சாலையின் தச்சர். எல்லோரும் வைத்த பெயர் சுற்றளவு. உருண்டையாக எது கண்ணில் பட்டாலும் டேப்பை எடுத்துச் சுற்றிவிடுவார். வந்ததை ஏழால் பெருக்கி இருபத்திரண்டால் வகுத்து விட்டத்தைச் சொல்வார். தண்ணீர் டிரம், தெருவிளக்குக் கம்பம், இரை தின்றுவிட்டு அசையாமல் கிடந்த மலைப்பாம்பு, சித்தப்பாவின் வயிறு*, ஒன்றையும் விடவில்லை. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தைச் சுற்ற ஏணி கேட்டபோதுதான் கண்காணிப்பாளர் தலையிட்டாராம். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தன் எடை தெரியாது. விட்டம் தெரியும்.

(* சித்தப்பா கையைத் தூக்கிக்கொண்டு அடக்கமாக நின்று, "சகலை, என்னை அறுத்தா எத்தனை பலகை தேறும்?" என்று கேட்டார். அப்பா உண்மையிலேயே கணக்குப் போட்டார்.)

'சும்மா மூணால வகுத்துட்டுப் போங்களேன், என்ன குடிமுழுகிடும்' என்று அம்மா காலமெல்லாம் சொல்லிப் பார்த்தார். அப்பா கேட்கவில்லை. மூன்றுக்கு மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கொசுறு இல்லாவிட்டால் உலகத்தில் ஒரு மூடியும் ஒரு பானைக்கும் பொருந்தாது என்பது அவர் கட்சி.

3

அம்மா அப்போது அம்மா இல்லை. யானையைப் பார்த்துக்கொள்ளும் பெண். யானையை வேறொரு ஊருக்கு மாற்ற முடிவானது. அவளும் கூடவே போய் அங்கேயே வேலையில் சேர வேண்டும். யானை என்றால் அவளுக்கு உயிர். ஆகவே போவதில் அவளுக்கு ஒரு தடையும்

[இந்த வாக்கியத்தை முடிக்கத் தைரியம் இல்லை. அப்படியே கிடக்கட்டும்.]

கூண்டு செய்யும் வேலை தச்சருக்கு வந்தது. அதைச் செய்து முடித்தால் அவள் போய்விடுவாள் என்று தெரிந்தே ஆணி அடிக்க வேண்டிய வேலை. அவளிடம் அதுவரை அவர் பேசியதெல்லாம் தாழ்ப்பாள், கீல் பற்றி மட்டும்.

வழியில் ஒரு தாழ்ந்த பாலம் இருந்தது. அதனால் கூண்டை இஷ்டத்துக்கு உயர்த்த முடியாது. யானையின் உயரத்தை ஒட்டியே கட்ட வேண்டும். யானையோ தலைக்கு மேல் ஒரு கோலைத் தூக்கினாலே மிரளும். முன்பு யாரோ அடித்திருக்கிறார்கள். ஆனால் யானைக்கு ஒரு சௌகரியம் உண்டு: முன்னங்கால் பாதத்தின் சுற்றளவைப் போல ஏறத்தாழ இரண்டு பங்குதான் தோள் உயரம். பாதத்தின் விட்டம் கிடைத்தால் போதும், மிச்சத்தை, இருபத்திரண்டை ஏழால் வகுத்தால் வரும் அந்தப் 'பை' பார்த்துக்கொள்ளும்.

ஈர மணலைப் பரப்பி யானையை நடத்தினார்கள். உள்ளே போக அவளுக்கு மட்டும்தான் அனுமதி. அவள் டேப்போடு சுவடருகே மண்டியிட்டாள். அவர் கம்பிக்கு வெளியே ஒரு பலகையும் சாக்பீஸுமாக நின்றார். அவள் விட்டத்தைச் சத்தமாகச் சொன்னாள். அவர் பெருக்கினார்.

கூண்டு ஐந்து அங்குலம் குட்டையாகப் போனது.

யானை பாதி உள்ளே போனது, மேல்சட்டம் முதுகில் இடித்தது, மரியாதையாகப் பின்வாங்கியது. மரம் வந்து, புதுக் கூண்டு கட்டி முடிப்பதற்குள் அந்த ஊரில் வேறு ஆளை வேலைக்குப் போட்டுவிட்டார்கள். யானை மட்டும் போனது. லாரி கிளம்பும்வரை கூண்டின் இடுக்கில் கையைவிட்டு அவள் அதன் காலைத் தொட்டுக்கொண்டே நின்றாள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் சொல்லாமல் எப்போதும் டேப்பைத் தேடப் போய்விடுவார்.

கணக்குப் போட்ட பலகையையும் முதல் கூண்டில் அடித்து, பிறகு இழைத்து மேஜையாக்கிவிட்டதால் சாட்சியும் போயிற்று.

4

பாதத்தின் உண்மையான விட்டம் பதினேழு அங்குலம் என்று வைத்துக்கொண்டு நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று முடிவுகள் கிடைத்தன.

முடிவு ஒன்று: ஈர மணலின் ஓரம் சரிந்து சுவடு முக்கால் அங்குலம் சுருங்கியது. யார் மேலும் குற்றமில்லை. கதையும் இல்லை.

முடிவு இரண்டு: வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அப்பா வெறும் மூன்றால் பெருக்கினார். வேண்டுமென்றே. எனக்கு வெகுநாள் பிடித்திருந்த முடிவு இதுதான். அப்புறம் ஒருநாள், தட்டைக் கழுவும்போது நினைத்துக்கொண்டேன்: அப்படியானால் அவளைக் கேட்காமலே அவள் யானையை அவளிடமிருந்து பறித்தவர் அவர். நான் அந்தத் திருட்டில் பிறந்தவள். அப்பா இப்போது இல்லை. போய்க் கேட்கவும் முடியாது.

முடிவு மூன்று: இல்லை. இரண்டுதான். மூன்று என்று ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. சுற்றளவின் மகளுக்கு எண்ணத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

5

அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு, விரலை வைத்துப் படித்தார். சித்தப்பாவின் வயிறு வந்த இடத்தில் சிரித்தார். லாரி கிளம்பும் இடத்தில் சிரிக்கவில்லை. நான்காம் பகுதியில் விரல் நின்றது.

"உங்கப்பாவா? மூணாலயா?" என்றார். "தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் இருபத்திரண்டுக்கு ஏழும்பாரு. மனுஷனுக்குப் பொய் சொல்லத்தான் தெரியாதுன்னா, பொய்யாப் பெருக்கவும் தெரியாதுடி."

"அப்ப மணல் சரிஞ்சிருக்கும்."

"நல்லா நனைச்ச மணல். இட்லி மாதிரி நின்னுச்சு."

கொஞ்ச நேரம் மேஜையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"உள்ள போய் அளந்தது யாரு?"

"நீதான்."

"எவ்வளவுன்னு சொன்னது?"

அவள் பதினாறே கால் என்று சொல்லி, அப்பா ஒழுங்காக இருபத்திரண்டால் பெருக்கி ஏழால் வகுத்தாலும் கூண்டு அதே ஐந்து அங்குலம் குட்டையாகும் என்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமாக அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாயைப் பார்க்கவே இல்லை.

"எவ்வளவும்மா சொன்னே?"

"கதை எழுதுறது நீயா, நானா?" என்று எழுந்து அடுப்பை அணைக்கப் போய்விட்டார்.

6

ஆகவே நான்காம் பகுதியில் எழுதியதைத் திருத்துகிறேன். மூன்றாவது முடிவு உண்டு. ஆனால் அதை நான் எழுதப்போவதில்லை. எனக்கு உரிமை இல்லை, எனக்கு அதில் லாபம் இருக்கிறது.

நீங்கள் வாருங்கள். மணல் ஈரமாக இருக்கிறது. யானை அவளுக்குப் பின்னால் நின்று அவள் தோளில் மூச்சு விடுகிறது. அதோடு போக அவளுக்கு ஆசை. கம்பிக்கு வெளியே சாக்பீஸோடு நிற்கிறவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சொன்னதை அப்படியே நம்பிப் பெருக்கக் காத்திருக்கிறார். டேப் பதினேழைக் காட்டுகிறது. அவள் யானையைப் பார்க்கிறாள். கம்பியைப் பார்க்கிறாள். வாயைத் திறக்கிறாள்.

எண்ணை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக. அவருக்குக் கேட்க வேண்டும்.