ஆடி முடியட்டும்

வட்டியில்லாத கடனுக்கு வட்டி கட்டுகிற குடும்பம் ஜொகூரில் எத்தனை இருக்கிறதோ எனக்குத் தெரியாது. கூலாயில் ஒன்று இருக்கிறது. எங்கள் வீடுதான்.

நான் செனாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். இத்தனை வருடமும் ஒரே மேசை, ஒரே நாற்காலி. போன மே மாதம் பொந்தியான் சாலையில் புது ஆலை திறக்கிறோம், அங்கே சூப்பர்வைசராக வருகிறாயா என்று கேட்டார்கள். செப்டம்பர் முதல் தேதி சேர வேண்டும். அந்தப் பக்கம் கம்பெனி பஸ் கிடையாது, சொந்த வண்டி வேண்டும். வண்டி இல்லையென்றால் அந்த இடம் லோஷினிக்குப் போகும். லோஷினி என்னிடம் வேலை கற்றுக்கொண்டவள். நல்ல பெண்தான். ஆனால் எனக்கு வந்த இடத்தில் அவள் போய் உட்காருவதைப் பார்க்க எனக்கு மனமில்லை.

புதுக் கார் வாங்கி ஒன்பது வருடம் மாரடிக்கத் தெம்பில்லை. எங்கள் கைக்கு எட்டியது பழைய மைவி ஒன்று. அவ்வளவு பழைய காருக்கு நாங்கள் கேட்ட பேங்குகள் கடன் தரவில்லை. கார் விற்கும் ஹேமநாதன்தான் வழி சொன்னார். பாதியை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு மீதியை என் கிரெடிட் கார்டில் தேய்க்கலாம். பிறகு பேங்கிலிருந்து போனுக்கு ஒரு மெசேஜ் வரும். அதைத் திறந்து சம்மதம் என்று பட்டனை அமுக்கினால் போதும், தொகை பன்னிரண்டு மாதத் தவணையாகப் பிரிந்துவிடும், வட்டி ஒரு சென் காசுகூடக் கிடையாது. மாத பில் வருவதற்குள் அமுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கார்டு என்னுடையது. ஆனால் பேங்கில் இருப்பது என் வீட்டுக்காரர் ரூபேந்திரனின் போன் நம்பர். எங்கள் தொழிற்சாலையில் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் கார்டு வாங்கிய காலத்திலேயே அவர் நம்பரைக் கொடுத்திருந்தோம்.

ஆனி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கார்டைத் தேய்த்தோம். அதுவும் அவர் பிடிவாதம்தான். ஆடி பிறந்துவிட்டால் புதுசாக எதையும் தொடங்கக் கூடாதாம். காரை ஆவணியில்தான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும், பெயர் மாற்றுவதும் அப்போதுதான் என்றார். செப்டம்பருக்கு முன்னால் வந்தால் சரி என்று நானும் தலையாட்டினேன். ஹேமநாதனும் காரைத் தன் கடையிலேயே நிறுத்திக்கொள்ள ஒப்புக்கொண்டார். ஒரு வாரம் கழித்து மெசேஜ் வந்ததா என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"வந்துச்சு லா. நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அமுக்கவில்லை.

ஆகஸ்ட் மாதம் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் லாக்கரிலிருந்து போனை எடுத்துக்கொண்டு போய், கேன்டீனில் மீகோரெங்கைக் கிளறிக்கொண்டே பேங்க் கணக்கைத் திறந்தேன். மொத்தத் தொகையும் ஒரே வரியில் நின்றது. தவணை என்ற பேச்சே இல்லை. அங்கேயே நின்று பேங்குக்குப் போன் போட்டேன். ஏதேதோ பாட்டுப் போட்டுக் காக்க வைத்து, கடைசியில் ஒரு பெண் மலாயில் மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: மெசேஜ் அனுப்பியிருக்கிறோம், நினைவூட்டலும் அனுப்பியிருக்கிறோம், பதில் வரவில்லை, பில் போட்டாகிவிட்டது, இனி மாற்ற முடியாது, மன்னிக்கவும். நான் கெஞ்சினேன், சத்தம் போட்டேன். அவள் அதே மரியாதையோடு மறுபடியும் மன்னிக்கவும் என்றாள். தட்டை அப்படியே விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் முன்னால் போய் நின்றேன். சட்டை மாட்டியிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மெசேஜ் வந்தப்ப ஆடி பொறந்துருச்சு பிரேமா. ஆடியில போயி கடன தொடங்குவாங்களா? ஆவணி ஒன்னாந்தேதி காலையில அமுக்கலாம்னு இருந்தேன்."

"ஆடி முடியட்டும்னு பேங்கு பில்ல நிறுத்தி வைக்குமா?"

அதற்கு அவர் ஒரு யோசனை சொன்னார். கார் இன்னும் நம் பெயருக்கு மாறவில்லை. ஹேமநாதனிடம் பேசினால் பணத்தைக் கார்டுக்கே திருப்பிப் போட்டுவிடுவார். தீபாவளி கழித்து வேறு கார் பார்க்கலாம். வேலை எங்கே ஓடிவிடப் போகிறது?

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கே ஓடுமா? லோஷினியிடம் ஓடும்.

இந்த ஆடி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவர் ஒரு கார் வாங்கினார். அது ஆடி மாதம். வருடம் திரும்புவதற்குள் பேங்க் ஆட்கள் இழுவை லாரியோடு வந்து, அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் கேட்டருகே நின்று பார்க்க, வண்டியைக் கொண்டுபோனார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாப் பழியும் ஆடி மேல்தான். தவணைப் பணத்தைக் கூட்டாளிக்குக் கைமாற்றாகக் கொடுத்ததைப் பற்றி ஒரு நாளும் பேச்சில்லை. நானும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"அந்தக் கார இழுத்துக்கிட்டுப் போனது ஆடி இல்லைங்க. நீங்க கட்டல, அதான்."

அவர் முகம் செத்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து போனை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"தெனமும் அந்த மெசேஜ தொறப்பேன் பிரேமா. அமுக்கப் போனா அந்த லாரிதான் கண்ணுக்குள்ள வருது. கை வரல."

பாவமாக இருந்தது. கோபமும் போகவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அரை நாள் லீவு போட்டுவிட்டு மத்தியானம் ஹேமநாதனிடம் போனேன். காரை எடுத்துக்கொள்கிறேன், இன்றைக்கே பெயர் மாற்ற வேண்டும் என்றேன். அவர் காலண்டரைப் பார்த்தார்.

"அக்கா, ஆடி செவ்வாய். நம்ம போறதுக்குள்ள ராகு காலமும் வந்துரும். யோசிச்சுக்குங்க."

பேங்க் ராகு காலத்திலும் வட்டி போடும், வாங்க என்றேன். ஜேபிஜே போக்குவரத்து அலுவலகக் கவுன்டரில் பெருவிரலை வைத்தபோது சரியாக ராகு காலம்தான். எனக்கும் மனதுக்குள் சாமி பெயர்தான் ஓடியது, பொய் சொல்ல மாட்டேன்.

கடைக்குத் திரும்பினால் வாசலில் என் வீட்டுக்காரருடைய மோட்டார் சைக்கிள் நின்றது. ஹேமநாதன் போனில் சொல்லியிருப்பார் போல, வேலையிலிருந்து பாதியில் வந்திருக்கிறார், யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. கையில் பிளாஸ்டிக் பையில் நான்கு எலுமிச்சம்பழம். வைக்கலாமா என்பதுபோல் பையைத் தூக்கிக் காட்டினார். வையுங்கள் என்று தலையை ஆட்டினேன். குனிந்து நான்கு சக்கரத்துக்கும் வைத்துவிட்டு விலகி நின்றார். பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டியை ஓட்டினேன். வீடு வரைக்கும் மோட்டாரில் பின்னாலேயே வந்தார். அன்று இரவே பேங்குக்குச் சொல்லி, அவர் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைக் கொடுத்தேன்.

இப்போது நான் பொந்தியான் சாலையில் சூப்பர்வைசர். கார் நன்றாக ஓடுகிறது. கடனை நானே பன்னிரண்டாகப் பிரித்து மாதா மாதம் கட்டுகிறேன். வட்டியை மட்டும் அவர் கட்டுகிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவர்டைம் போய். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மாதக் கடைசியில் பணத்தை மடித்து ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார். அதை எடுக்கும்போதெல்லாம் எனக்குப் பழையபடி எரிகிறது, எண்ணாமல் பைக்குள் போட்டுக்கொள்கிறேன்.

ஊருக்கெல்லாம் ஆடி முடிந்து எத்தனையோ நாளாகிறது. எங்கள் வீட்டு ஆடி அடுத்த ஆடியில்தான் முடியும்.